ராடருக்கு மரம் தெரியாது என்று சொன்னேன்

வேவு விமானத்தில் இருக்கிற ராடர் எதைக் காணும், எதைக் காணாது என்று ஒரு மீனவருக்கு நான் விளக்கம் சொன்னேன். அந்த விளக்கம் பிழை. அவர் அதை நம்பிக் கடலில் இறங்குவதற்கு முன்பே அது பிழையென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை. பிறகு அவருடைய மனைவி என்னிடம் வந்து கேட்டபோது, அந்தப் பிழையை அவளுடைய தலையில் போட்டு அனுப்பினேன். நான் எழுத வந்தது இவ்வளவுதான். எண்பது வயதாகிவிட்டது, சுற்றிவளைக்க விருப்பமில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொன்னால்தான் என் குற்றம் எவ்வளவு என்பது விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு கிடுகுக் கொட்டிலில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். ஆனாலும் சனி, ஞாயிறு என்றால் கொட்டில் நிறைந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் நான் பிசிக்ஸ் மாஸ்டர். பதுங்குகிற பங்கர்க் குழிக்கு மேலே எத்தனை அடுக்குத் தென்னங்குற்றி போடவேண்டும், குண்டு விமானத்தை விட்டுக் கழன்ற பிறகு ஓடுவதற்கு எத்தனை விநாடி இருக்கும், ஷெல் விழுந்த வளவில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்றெல்லாம் வந்து கேட்பார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். ரியூசன் மாஸ்டர் ஒருவர் வகுப்பில் "தெரியாது" என்று சொன்னால் அடுத்த கிழமை பத்துப் பிள்ளைகள் அடுத்த கொட்டிலுக்குப் போய்விடும். இருபது வருடம் அப்படிப் பழகி, அந்தச் சொல் என் வாயில் இல்லாமலே போய்விட்டது.

அந்த நாட்களில் எங்கள் வானத்தில் பல விதமான விமானங்கள் வந்தன. பொம்மர் வந்தால் சத்தத்திலேயே தெரியும், பங்கருக்கு ஓடுவோம். ஹெலி வந்தால் மரத்தின் கீழே ஒதுங்குவோம். இவை தவிர இன்னொன்று வரும். சின்னது, வெகு உயரத்தில், மாறாத ஒரே இரைச்சலோடு பெரிய வட்டமாகச் சுற்றும். குண்டு போடாது, சுடாது. எங்கள் வலிகாமத்தில் தோட்டம் கொத்துகிறவர்கள் அதற்காக மண்வெட்டியைக் கீழே வைப்பதுகூட இல்லை. "அது சும்மா பாத்துப்போட்டுப் போறது" என்பார்கள்.

குருநகர்க் கரையில் மீன்பிடிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. பொம்மரைவிட அவர்கள் பயந்தது அதற்குத்தான். கடலுக்குப் போகத் தடை இருந்தது. கரையோடு தொட்ட தண்ணீரில் மீனும் இல்லை. ஆகவே களவாகத்தான் தூரப் போனார்கள். அந்த விமானம் தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனால், அடுத்த அரைமணித்தியாலத்தில் ஹெலியோ நேவிப் படகோ வள்ளம் நிற்கிற இடத்துக்கே நேராக வரும். பனிப்புகார் மூடிய காலையிலும் வரும். பனிப்புகாருக்குள் மனிதக் கண் எதைப் பார்க்கும்? அதில் கண்ணைவிடக் கெட்டியான ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அது என்ன, அதற்கு எப்படி ஒளிப்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அதைக் கேட்டு என்னிடம் வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடலுக்குப் போக முடியாத நாட்களில் சைக்கிளில் பெட்டி கட்டி, மற்றவர்களுடைய மீனை எங்கள் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பார். அப்படித்தான் பழக்கம். இரண்டு பெண் பிள்ளைகள். தாயும் அவரோடுதான் இருந்தார். ஒரு பின்னேரம் என் வளவுக்குள் வந்து பலாமரத்தின் கீழே நின்றார். நான் கதிரையில் இருந்தேன். அவரை இருக்கச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மீன்காரரை இருக்கச் சொல்லுகிற வழக்கம் இல்லை. அது பிழையென்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

"சேர், உந்தச் சுத்துற பிளேனிலை என்ன கிடக்கு?"

"ராடர்."

"தூரக் கண்ணாடி மாதிரியோ?"

"இல்லை. நீர் கிணத்துக்குள்ளை எட்டிக் கூப்பிட்டால் சத்தம் திரும்பி வருதெல்லே? அது மாதிரி. மேலையிருந்து ஒரு அலையை அனுப்புவினம். அது எதிலையாவது பட்டுத் திரும்பினால் அங்கை ஒண்டு நிக்குது எண்டு தெரியும். புகாரும் இருட்டும் அதுக்கு ஒரு பொருட்டில்லை."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்ப எங்கடை வள்ளத்திலை பட்டுத் திரும்பிப் போகுது."

"வள்ளத்திலை இல்லை. உம்மடை எஞ்சினிலை. ராடருக்கு மரம் தெரியாது. இரும்பு, பித்தளை, ஈயம், அலுமினியம், உதுகள்தான் தெரியும்."

அவருடைய முகம் வெளித்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ஒரு வருடமாக அழுத்திக்கொண்டிருந்த ஒன்றுக்கு வழி கிடைத்த முகம்.

நான் சொன்னது எங்கிருந்து வந்தது? படிக்கிற காலத்தில் ஒரு பாடப்புத்தகத்தில், உலோகங்கள் வானொலி அலைகளை நன்றாகத் தெறிக்கச் செய்யும் என்று ஒரு வரி வாசித்திருந்தேன். அது சரி. மற்றப் பொருட்களைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை. உலோகம் நன்றாகத் தெறிக்கச் செய்யும் என்பதை, உலோகம் மாத்திரந்தான் தெறிக்கச் செய்யும் என்று நானே ஆக்கினேன். விமான ராடரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வரவில்லை. வள்ளத்தின் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது தாண்டிய மெலிந்த மனிதர், கரையில் எல்லோரும் அவரைச் சம்மாட்டியார் என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே போய்க்கொண்டிருந்த நேரம். சம்மாட்டியார் கொட்டிலின் வாசலில் நின்றபடி கரும்பலகையைப் பார்த்தார்.

"தம்பி சொல்லுறான், மரம் தெரியாதெண்டு நீங்கள் சொன்னதாய்."

"ஓம், சொன்னனான்."

"சேர் கோவிக்கப்படாது. நான் கண்டதைச் சொல்லுறன். சோளகக் காத்து அடிச்சுத் திரை எழும்பிற நாளிலை எஞ்சினோடைதான் போறம். அவன் மேலை சுத்துவான், சுத்திப்போட்டுப் போயிடுவான். ஒருத்தரும் வாறேல்லை. கடல் தூங்குற நாளிலை போனால் வந்திடுவாங்கள். போன வரியம் மரக்கோலை ஊண்டித் தாங்கிக்கொண்டு போன சின்னத் தோணிக்கும் வந்தவங்கள். அதிலை ஒரு ஆணிகூட இல்லை. எல்லாம் கயித்துக் கட்டு."

இதைவிடத் தெளிவாக ஒரு அவதானிப்பை எந்த மாணவனும் எனக்குச் சொன்னதில்லை. காற்று நாளில் தெரிவதில்லை, அமைதி நாளில் தெரிகிறது, உலோகம் இல்லாத தோணியும் தெரிகிறது. என் விளக்கத்தை உடைக்க அது போதும். நான் என்ன செய்தேன் என்றால், சிரித்தேன்.

"ஐயா எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"மூண்டு," என்றார் அவர். "ஆனால் கடலிலை நாப்பத்தைஞ்சு வரியம்."

"கடலைப் பற்றி நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். இது கடலில்லை, ராடர் அலை. அலைக்குக் காத்தென்ன, சோளகமென்ன?" என்று சொல்லி, பலகையில் ஒரு விமானமும் ஒரு வள்ளமும் கீறி, அம்புக்குறி போட்டு, எஞ்சினைச் சுற்றி வட்டம் வரைந்தேன். பிறகு என்னென்ன ஏற்றக்கூடாது என்று சொல்லத் தொடங்கினேன். எஞ்சின் வேண்டாம். இரும்பு நங்கூரத்துக்குப் பதிலாகக் கல். எண்ணெய் ரின்னுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கான். வலையில் ஈயக் குண்டைக் கழற்றிவிட்டுச் சுட்ட மண் குண்டு. கத்தி வேண்டாம்.

"என்ரை வாயிலை வெள்ளி கட்டின பல்லு ஒண்டு கிடக்கு, சேர். கரையிலை கழட்டி வைச்சிட்டோ போறது?" என்றார் சம்மாட்டியார்.

இளையவர் சிரித்துவிட்டார். "வாயை மூடிக்கொண்டு வாங்கோவன் அண்ணை. பல்லும் தெரியாது, எங்களுக்கும் நிம்மதி."

"மாதா பதக்கம்?"

"அதையும் வீட்டிலை வையுங்கோ," என்றேன்.

"அதை மட்டும் கேளாதேங்கோ," என்றார் சம்மாட்டியார். பகிடியை விட்டுவிட்டார். அவர் என்னை நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இளையவர் நம்பினார், வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லாத நிலையில் இருந்தவர் அவர்தான். கடைசியில் நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன். எஞ்சின் இல்லாமல் போகிறபடியால், சோளகம் பிடிப்பதற்கு முன்னம், கடல் நல்ல அமைதியாய் இருக்கிற நாளாய்ப் பார்த்துப் போகச் சொன்னேன். தாங்குவது சுகம் என்று காரணமும் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது.

வலையில் ஈயத்தைக் கழற்றி மண் குண்டு கட்ட அவர்களுக்கு இரண்டு கிழமை பிடித்தது. சந்தையில் காணும்போது இளையவர் சொல்லுவார்: "முடியுது சேர். வாற திங்கள் இறங்குறம்."

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை, வகுப்பில் ஒளித்தெறிப்புப் பாடம் எடுத்தேன். பற்றரி இல்லாத காலத்தில் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்றினால் டைனமோ விளக்கு எரியும். கொட்டிலின் வாசலைச் சாக்கால் மூடி இருட்டாக்கினோம். மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்து, விளக்கின் ஒளியைச் சரிவாக அதில் விழுத்தினேன். ஒளி எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. "பாருங்கோ, வந்த கோணத்திலையே மற்றப் பக்கம் போகுது. எங்கடை பக்கம் ஒண்டும் திரும்பேல்லை. அதுதான் எங்களுக்குக் கண்ணாடி கறுப்பாய்த் தெரியுது" என்றேன். வருடா வருடம் சொல்கிற வசனம்.

அன்றைக்குக் கண்ணாடியின் மேல் ஒரு சோக்குத் துண்டு விழுந்து கிடந்தது. பயறளவு. கறுத்துக் கிடந்த கண்ணாடியின் நடுவில் அது மாத்திரம் வெள்ளையாக எரிந்தது. வேறு எங்கேயும் பார்க்க முடியாதபடி அது தெரிந்தது.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மேசையில் கிடந்த சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கசக்கி விரித்துக் கண்ணாடியின் மேல் போட்டு, அதே சோக்குத் துண்டை அதன் மேல் வைத்தேன். தாளின் ஒவ்வொரு மடிப்பும் ஒளியை எங்கள் பக்கம் திருப்பியது. எங்கும் மினுக்கம். சோக்கு எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

அமைதியான கடல் கண்ணாடி. மேலிருந்து வருகிற அலையை அது மற்றப் பக்கம் தள்ளிவிடும், விமானத்துக்கு ஒன்றும் திரும்பிப் போகாது. ராடரின் திரை இருண்டு கிடக்கும். அந்த இருட்டில் மரமோ, நனைந்த பாயோ, மனித உடம்போ, எது தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நின்றாலும் அதிலிருந்து கொஞ்சம் திரும்பும். அந்தக் கொஞ்சம் போதும். காற்றுக் கடலில் எழும்புகிற ஒவ்வொரு கடல்திரையும் திருப்பும். திரைகளுக்குள் வள்ளம் மறைந்துவிடும். உலோகம் இருந்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். சம்மாட்டியார் சொன்னது முழுவதும் சரி. மூன்றாம் வகுப்புப் படித்தவர் நாற்பத்தைந்து வருடக் கடலில் கண்டதை, நான் வருடா வருடம் இருபது பிள்ளைகளுக்கு முன்னால் செய்துகாட்டிக்கொண்டே காணாமல் இருந்திருக்கிறேன். அவர்களை எஞ்சின் இல்லாமல், ஓடித் தப்ப வழியில்லாமல், கண்ணாடிக்கு நடுவில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

"சேர், இன்னும் சுத்தவோ?" என்று சைக்கிளடியில் இருந்து சத்தம் வந்தது. காணும் என்றேன். வகுப்பை முன்னதாகவே விட்டுவிட்டேன்.

அன்றைக்கே போயிருக்கலாம். குருநகர் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். போகவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "நான் இன்னொருக்கால் கணக்குப் போட்டுப் பாத்தனான்" என்று தொடங்கலாமா? புதிதாக ஒரு தகவல் கிடைத்தது என்று சொல்லலாமா? நான் பிழை, சம்மாட்டியார் சரி என்று சொல்லாமல் அதைச் சொல்லுகிற வழியைத்தான் இரவு முழுவதும் தேடினேன்.

ஞாயிறு பின்னேரம் போனேன். கோயிலுக்குப் பின்னால் அவர்களுடைய வீடு, ஓலை வேய்ந்தது. முற்றத்தில் வலை விரித்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் எல்லோரும் எழும்பினார்கள். வீட்டில் இருந்த ஒரே கதிரையைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் அதில் இருந்தேன், அவர்கள் நின்றார்கள். அவருடைய தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து வேலியோடு நின்றார்கள்.

"சேர், கடலைப் பாத்தியளே வரேக்கை? ஒரு சுருக்கம் இல்லை. நாளைக்கும் இப்பிடித்தான் கிடக்கும்," என்றார் இளையவர். பிறகு வேலியோடு நின்றவர்களைப் பார்த்து, "நீங்கள் பயந்துகொண்டு கரையிலை கிடந்து நண்டு பொறுக்குங்கோ. நாங்கள் படிச்ச ஆளைக் கேட்டுப்போட்டுப் போறம்," என்றார்.

"பாரை கொண்டுவந்தால் எங்களுக்கும் ஒரு துண்டு தா, விஞ்ஞானி," என்று வேலிப்பக்கத்தில் ஒரு பெண் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

சம்மாட்டியார் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேர் இவ்வளவு தூரம் வந்தனியள். என்னவோ சொல்ல வந்தனியள் போலை கிடக்கு."

அந்த மனிதர் எனக்கு வாசலைத் திறந்துவிட்டார். அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. முற்றத்தில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால், அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, அவரைப் பார்த்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லவேண்டும். அவர்கள் கரையூர் மீன்பிடி ஆட்கள், நான் வலிகாமத்து மாஸ்டர் என்பதும் என் மனதில் இருந்தது. அதை மறைத்தால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை.

"ஒண்டுமில்லை. சும்மாதான் வந்தனான்," என்றேன். "கவனமாய்ப் போங்கோ."

திரும்பி வரும்போது எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நாளைக்கு அந்த விமானம் வராமல் விடலாம். வந்தாலும் வேறு பக்கம் சுற்றலாம். நூற்றுக்கு இத்தனை வீதந்தான் ஆபத்து என்று மனதுக்குள் கணக்கும் போட்டேன். அது என் உயிரென்றால் அந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டேன்.

திங்கள் காலை, வார நாட்களில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அந்த விமானத்தின் இரைச்சல் கேட்டது. பிள்ளைகள் தலைநிமிரவில்லை. தெற்கே போய்ச் சுற்றியது. அரைமணித்தியாலம் கழித்து ஹெலிச் சத்தம், அதற்குப் பிறகு தூரத்தில் விட்டுவிட்டுச் சூட்டுச் சத்தம். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் செய்தி வந்தது. ஹெலி நேராக அவர்களிடமே வந்திருக்கிறது. சம்மாட்டியார் தண்ணீரில் குதித்து வள்ளத்தின் மறுபக்கத்தில் பிடித்துக்கொண்டு கிடந்தார். இளையவர் தாங்கிக்கொண்டு நின்ற நிலையிலேயே சூடு பட்டு விழுந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, பின்னேரம் வரை இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தை இழுத்துக்கொண்டு சம்மாட்டியார் கரை சேர்த்தார், உடல் வள்ளத்துக்குள் இருந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன்.

ஒரு மாதப் பூசை முடிந்த பிறகு அவருடைய மனைவி வந்தாள். கறுப்புச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. அவளும் அந்தப் பலாமரத்தின் கீழேதான் நின்றாள். இந்தத் தடவை நான் இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை.

"சேர், ஒண்டு கேட்டுப்போட்டுப் போறன். சம்மாட்டியார் சொல்லுறார், அமைதிக் கடலிலை போனதுதான் பிழையாம். மாமி அதை நம்பேல்லை. அந்த மாஸ்டர் பிழையாய்ச் சொல்லமாட்டார் எண்டுறா. நான் அண்டைக்கு அவருக்குச் சோறு குடுத்துவிட்டது அலுமினியக் கரியரிலை. சட்டிப்பானையிலை குடுத்தால் வள்ளத்திலை கவுண்டுபோம் எண்டு நினைச்சன். எனக்கு உது ஞாபகத்திலை வரேல்லை, சேர். வலையிலை ஈயம் கழட்டினது, கத்தி விட்டது, எல்லாம் தெரியும். கரியரும் அலுமினியம் எண்டு யோசிக்கேல்லை. மாமி சொல்லுறா, அதாலைதான் கண்டவங்களெண்டு. நீங்கள் சொல்லுங்கோ. அதாலையோ?"

அவள் கேட்டது ஒரு சொல்லுக்காக. இல்லை என்று சொன்னால் அவள் வீடு போய்ச் சேருவாள். ஆனால் இல்லை என்று சொன்னால், அப்படியென்றால் எதனால் என்று கேட்பாள்.

"அதுவும் ஒரு காரணமாய் இருக்கலாம், பிள்ளை," என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள், நான் ஒரு கணக்குக்கு விடை சொன்னதுபோல. "சரி சேர், போட்டு வாறன்," என்று சொல்லி நடந்து போனாள். படலையைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

மூன்று வருடத்துக்கு மேலே அது அப்படியே இருந்தது. அந்தக் கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள் சொல்லிச் சில விஷயங்கள் காதில் விழுந்தன. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், கிழவி அவளோடு கதைப்பதில்லை. அவள் சமைத்ததைத் தொடுவதில்லை, தனக்குத் தனியே உலை வைக்கிறா. வேண்டியதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லித்தான் விடுவா. சம்மாட்டியார் வள்ளத்தை விற்றுவிட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார். கேட்கும்போதெல்லாம் வாற ஞாயிறு போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அன்றைக்கு முற்றத்தில் சொல்லாமல் வந்ததற்கு ஒரு பொழுதின் கோழைத்தனம் என்று ஒரு சாட்டாவது இருந்தது. இந்த மூன்று வருடத்துக்கு அந்தச் சாட்டும் இல்லை. எத்தனை ஞாயிறு.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நானும் மனைவியும் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்தோம். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். மூன்றாம் நாள் காலை, குழாய்க்கிணற்றடி வரிசையில் வாளியோடு நிற்கும்போது எனக்கு முன்னால் அவள் நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைக் கண்டதும், "சேரும் இஞ்சையோ? அம்மா சுகமோ?" என்று கேட்டாள். என்னில் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

வரிசையில் நின்றபடியே சொன்னேன். "பிள்ளை, கரியராலை இல்லை. நான் சொன்னதுதான் பிழை. சம்மாட்டியார் சொன்னதுதான் சரி. அமைதிக் கடலிலை மரமும் தெரியும், ஆளும் தெரியும். கரியர் இல்லாட்டிலும் கண்டிருப்பாங்கள்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அவர் போக முன்னம்."

 பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவள் வரிசையை விட்டு விலகினாள்.

"எனக்குச் சொல்லி என்ன செய்ய? நான் சொன்னால் ஆர் நம்பப்போகினம்? மாமி அந்த வகுப்பிலை இருக்கிறா. அவவுக்கு வந்து சொல்லுங்கோ. மெல்லச் சொல்லாதேங்கோ, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

அவள் முன்னே நடக்க நான் பின்னே போனேன். கிழவி சுவரோடு சாய்ந்து ஒரு சாக்கின் மேல் இருந்தா. அந்த அறையில் கரும்பலகை இருந்தது, அதில் யாரோ குடும்பங்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள். நான் என் வாழ்நாள் முழுவதும் நின்ற இடம் அப்படிப்பட்ட ஒரு பலகைக்கு முன்னால்தான். அங்கே நின்று, எனக்குச் சரியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னேன் என்றும், உங்கள் மகன் அதை நம்பிப் போனார் என்றும், மருமகள் கொடுத்த கரியருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். 

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அப்ப சம்மாட்டி சொன்னது சரி?"

"ஓம்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"அவர் போக ரெண்டு நாளுக்கு முன்னம், சனிக்கிழமை."

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை முற்றத்திலை வந்து இருந்தனீர்."

"ஓம்."

"அவன் உமக்கு முன்னாலை நிண்டவன்."

 மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயில் வந்தது. கேட்டால் அவ எனக்கு ஏதாவது தரவேண்டியிருக்கும். கேட்காமல் நின்றேன்.

கிழவி என்னிலிருந்து பார்வையை எடுத்து, வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தா. அறையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அவ அவளோடு நேரே கதைத்தது அப்போதுதான்.

"பிள்ளை, அந்தாளைப் போகச் சொல்லு," என்றா.

அவள் என் பக்கம் திரும்பினாள். "போங்கோ," என்றாள். சேர் என்று சொல்லவில்லை.

நான் வெளியே வந்தேன். பெரிய மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் அறைக்குப் போகாமல் கிணற்றடிக்கே திரும்பிப் போய், வரிசையின் கடைசியில் நின்றேன். அடுத்த கிழமை அவர்கள் வேறு முகாமுக்குப் போய்விட்டார்கள். இந்தியாவுக்குப் போன சம்மாட்டியாரைப் பற்றிப் பல பேரிடம் விசாரித்தேன். முகவரி கிடைக்கவில்லை, உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. அவரிடம் சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை.